சத்திரத்துக்கு நான் எழுதிய இரங்கல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குழு வருடக்கணக்காகக் காப்பாற்றப் பாடுபட்ட சத்திரத்தை இடிக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த முட்டாள் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. சொந்த மூளையில், சொந்தப் பேனாவில், மூன்று பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, சந்தேகம் வந்தால் கூப்பிடட்டும் என்று அடியில் கைபேசி எண்ணும் கொடுத்தேன். அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

இதற்குக் காரணம் என் தொழில். தஞ்சாவூரில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாம் அடிப்பேன் என்றாலும் வீட்டில் உலை கொதிப்பது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியால்தான். படத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும், வாசகத்தை நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். மூன்று மருமகள்களையும் முப்பது வருடம் படுத்தி எடுத்துவிட்டுப் போன அம்மாளைக் கூட "அன்பின் ஊற்றே, எங்களைத் தவிக்கவிட்டு எங்கே சென்றாய்" என்று நான் கேட்டிருக்கிறேன். அதைப் படித்த மூத்த மருமகளே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எதை எழுதினாலும் எதிரே ஒரு சவம் கிடப்பதுபோல் நினைத்துக்கொண்டு எழுதுவது எனக்குப் பழகிவிட்டது.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். பழைய கட்டடங்கள், குளங்கள், ஆற்றங்கரை மரங்கள் இவற்றையெல்லாம் பாதுகாப்பது எங்கள் நோக்கம் என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறோம். துண்டறிக்கையை அடித்தவன் நான் என்பதால் நோக்கத்தில் ஒரு குறையும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஓரிடத்துக்குப் போவோம், தூணைத் தடவுவோம், பெருமூச்சு விடுவோம், படம் எடுப்போம், வரும் வழியில் டிகிரி காபி குடிப்போம். எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. லுத்தரன் குடும்பம். காலை ஆராதனை முடிந்து, பைபிளை வண்டியின் முன்கூடையில் வைத்துக்கொண்டு நேரே வந்துவிடுவார். எழுபது வயதிலும் அவர் "உக்காருங்க" என்றால் எங்கள் குழுவில் இருக்கும் பல் மருத்துவர் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்போம். அவர் என்னைப் பிரஸ்காரரே என்பார்.

எங்கள் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை, நகரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் ஒரு மராட்டியர் காலத்துச் சத்திரம். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் நான்கு கூடம், தேக்குத் தூண்கள். செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மேல்தளம். அது நிற்பது புறம்போக்கில். எந்தத் துறைக்குச் சொந்தம் என்று கேட்டால் ஒவ்வொரு துறையும் பக்கத்துத் துறையைக் காட்டும். அதைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கச் சொல்லி ஒன்பது மனு கொடுத்திருந்தோம். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று மூன்று முறை பதில் வந்தது. மற்ற ஆறுக்கு அதுவும் இல்லை.

பத்தாவது மனுவுக்கு மேடம் என்னைப் பிடித்தார்.

"பிரஸ்காரரே, இதுவரைக்கும் நான் எழுதினது எல்லாம் வரலாறு. வரலாறு படிச்சு எந்த ஆபீசரும் எழுந்திரிச்சு உக்காரல. நீங்க எழுதுங்க. படிச்சா கண்ணுல தண்ணி வரணும்."

எழுதினேன். "எந்த நிமிடமும் இடிந்து விழும் நிலையில், மனித நடமாட்டமே இன்றி, வௌவால்களும் விஷ ஜந்துக்களும் குடியிருக்கும் பாழடைந்த கூடாக, தன் இறுதி மூச்சை எண்ணிக்கொண்டு நிற்கிறது இச்சத்திரம்" என்று ஆரம்பித்தேன். அந்த வழியாகப் போகும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதாக இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி. பாதுகாக்க வேண்டும் என்ற கோரிக்கை மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. அதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டதால் அந்த வரி கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

இரண்டே வாரத்தில் சத்திரத்துக்கு அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போனதாகச் சேதி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திருவையாற்று அசோகா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். இப்படி ஓர் ஆள் உண்டா என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இடிப்பு நோட்டீசுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சத்திரத்து வாசல் தூணில் தாள் ஒட்டியிருந்தது. பொதுமக்களிடமிருந்து வந்த புகாரின் பேரில் இந்தக் கட்டடம் அபாயகரமானது என முடிவு செய்யப்பட்டிருக்கிறது, பதினைந்து நாளில் இடிக்கப்படும், உள்ளே பொருள் வைத்திருப்போர் அதற்குள் அகற்றிக்கொள்ள வேண்டும். அதன் முன்னால் ஓர் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்து ஊரில் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருப்பவர். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வயலும் வீடும் இவர் தலையில்.

"பொதுமக்கள்னு போட்டிருக்கே சார், அது யாரு?" என்றார்.

நான் அசோகாப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"நான்தாம்மா."

"நீங்க ஒருத்தரா?"

"எட்டுப் பேர். ஆனா எழுதினது நான்."

அவர் திரும்பிச் சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். அந்தச் சத்திரத்துக்கு நேர் எதிரே அரசு நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. நிலையம் என்றால் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு திறந்தவெளியும்தான். அறுத்த நெல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, சாக்கு வர வேண்டும், லாரி வர வேண்டும், முறை வர வேண்டும் என்று பத்து நாளோ இருபது நாளோ காத்துக் கிடக்க வேண்டும். மாசிப் பனியில் திறந்தவெளியில் கிடந்தால் நெல்லில் ஈரம் ஏறும். ஏறினால் காயவைத்துக் கொண்டு வா என்று திருப்பிவிடுவார்கள். அதனால் அந்தப் பக்கத்துச் சிறு விவசாயிகள் எல்லோரும் பல வருடமாக நெல்லைச் சத்திரத்துக் கூடங்களில்தான் கொட்டி வைக்கிறார்கள். நெல்லுக்குப் பின் அதே வயலில் விளையும் உளுந்தும் அங்கேதான் வரும். மேற்கு மூலையில் ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாய் கட்டியது அவர்கள். முற்றத்துத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும் வழியை வருடா வருடம் தூர் எடுப்பதும் அவர்கள்தான். பத்து மனுவில் ஒன்றில் கூட நாங்கள் இதை எழுதவில்லை. எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கண்ணுக்கு அது அழகாகப் படவில்லை.

"போன வருசம் போட்டோ புடிக்க வந்தப்ப, தூண மறைக்குது, மூட்டைய நகர்த்துங்கன்னு சொன்னீங்க. நானும் நகர்த்தினேன்" என்றார் அந்த அம்மா. "எழுதறப்பவும் எங்கள நகர்த்திட்டீங்களா சார்?"

நான் நோட்டீசைப் படிப்பதுபோல் தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னும் எட்டு நாள்ல எனக்கு அறுப்பு. வண்டிக்குச் சொல்லியாச்சு. நெல்ல எங்க கொட்டறது? உங்க பிரஸ்ல எடம் இருக்கா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "நீங்க எழுதினதுக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைச்சது இதுதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டு, அசோகாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார்.

திங்கட்கிழமை மனு நாள். முதல் ஆளாகப் போய், என் மனுவை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோப்பைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் என் மகன் வயதுக்காரர். தூக்கம் கெட்ட கண், மேசை முழுக்கத் தாள். என் மனுவை வைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தது. என் நடையை இதுவரை யாரும் அவ்வளவு மதித்ததில்லை.

"நீங்க கேட்டதத்தான சார் செய்யறோம்."

"நான் இடிக்கச் சொல்லலீங்க. காப்பாத்தச் சொன்னேன். மூணாம் பக்கம் பாருங்க."

அவர் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். "பள்ளிப் பிள்ளைங்க உயிருக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கப்பறம் மூணாம் பக்கத்த எவன் சார் படிப்பான்? நாளைக்கு விழுந்து வச்சா, எழுதிக் குடுத்தும் இவன் சும்மா இருந்தான்னு என்னைத்தான் புடிப்பாங்க."

"அது பூராவும் கதைங்க. நல்லா கெட்டியா நிக்குது. வௌவால் ரெண்டு இருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப பொய்ப் புகாரா? பொய்ன்னா உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

சாதாரணமாக நான் தைரியசாலி இல்லை. பேருந்தில் நடத்துனர் மிச்சச் சில்லறை தராவிட்டால் ஊர் வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்து, கேட்காமல் இறங்கிப் போகிற ஆள். ஆனால் "உங்க பிரஸ்ல எடம் இருக்கா" என்ற கேள்வி காதிலேயே இருந்தது.

"எடுங்க. என் மேல எடுங்க. எழுதித் தரேன், பொய் சொன்னவன் நான்தான்னு. கட்டடத்து மேல எடுக்காதீங்க. அது ஒண்ணும் எழுதல."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "கோப்பு மேல போயிடுச்சு சார். இடிக்கறதுக்கு ஆளும் சொல்லியாச்சு. நான் நேர்ல வந்து பார்க்கறப்ப ஸ்ட்ராங்கா இருந்தா மட்டும்தான் ஏதாவது எழுத முடியும்" என்றார். "அளக்க வந்தப்ப பார்க்கலியா?" என்றேன். "வெளிய இருந்து பார்த்தோம். உள்ள பாம்பு இருக்குன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க" என்றார்.

அன்று மத்தியானமே குழு கூடியது. மேடம் என்னைத் திட்டவில்லை. "நான்தான் எழுதச் சொன்னேன், பாதித் தப்பு எனது" என்றார். பாதியாகப் பங்கு போட்டாலும் என் பங்கு பெரிதாகவே இருந்தது. நீதிமன்றம், வக்கீல், பத்திரிகைச் செய்தி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் அச்சகத்துக்குப் போய் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

கறுப்புக் கட்டம், மேலே இரண்டு பக்கமும் எரியும் விளக்கு, நடுவே முட்டை வடிவத்துக்குள் சத்திரத்தின் படம். படம் புதிதாக எடுத்தது. தூண்களுக்கு நடுவே நெல் மூட்டைகள் நன்றாகத் தெரிந்தன. கீழே பெரிய எழுத்தில் "கண்ணீர் மறுப்பு". "சாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட எங்கள் சத்திரம் பூரண நலத்துடன் இருக்கிறது. இத்தனை ஊர் நெல்லுக்கும் கூரையாக இருக்கிறது. இதை இடிக்க வருகிறார்கள். பார்க்க வாருங்கள். இவண், பொய் எழுதிய மடையன்" என்று போட்டு, அச்சகத்தின் பெயரையும் போட்டேன். பேருந்து நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை ஒட்டினோம். தலைப்பு என்னவாக இருந்தாலும் கறுப்புக் கட்டத்தைப் பார்த்தால் நம் ஊரில் யாரும் முழுக்கப் படிப்பதில்லை. அன்று மாலைக்குள் நாலு பேர் கூப்பிட்டு, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்கள். ஒருவர் மாலையோடு சத்திரத்துக்கே போய்விட்டார்.

ஆனால் படித்தவர்களும் இருந்தார்கள். அந்த அம்மா படித்தார். எனக்குப் போன் வந்தது.

"சார், போஸ்டர் பார்த்தேன். நல்லாத்தான் திட்டியிருக்கீங்க உங்கள." பிறகு விஷயத்துக்கு வந்தார். "பதினஞ்சாம் நாளு அவங்க வரட்டும். நாங்க காலி பண்ணப் போறதில்ல. ரொப்பப் போறோம்."

அன்றிலிருந்து மூன்று ஊர் நெல் சத்திரத்துக்கு வந்தது. முறை வந்தவர்கள்கூட எதிரே கொண்டுபோய்க் கொட்டவில்லை. அறுவடை வண்டி வயலில் இறங்கி ஏற, டிராக்டர் நேரே இங்கே வந்தது. தெற்குக் கூடம், கிழக்குக் கூடம், பிறகு வடக்கு. அந்த அம்மாவின் ஒன்பது மா நெல்லும் வாசலுக்கு நேரே, நோட்டீஸ் ஒட்டிய தூணைச் சுற்றி, இடுப்பளவுக்குக் குவிந்தது. எங்கள் குழுவில் எட்டுப் பேரும் சாக்குப் பிடித்தோம். நெல்லுச் சுணையில் எனக்கு உடம்பெல்லாம் அரித்து, பல் மருத்துவரிடம் மருந்து கேட்டேன். அது அவர் துறை இல்லை என்றார்.

பதினைந்தாம் நாள் காலை எட்டு மணிக்குப் பொக்லைன் வந்தது. பின்னாலேயே உதவிப் பொறியாளரின் ஜீப். வாசலில் மேடம் ஒரு நெல் மூட்டைமேல் பைபிளும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே நாற்பது ஐம்பது பேர் இருந்தோம்.

"காலி பண்ணச் சொல்லியிருந்தோமே" என்றார் பொறியாளர்.

"பண்ணிடறோம் சார்" என்றார் அந்த அம்மா. "கவர்மெண்டு வாங்க வேண்டிய நெல்லுதான் இது. எதுத்தாப்புல சொல்லி வாங்கிக்கச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள பெருக்கியே குடுத்துடறோம்."

பொறியாளர் சாலையைத் தாண்டிப் போனார். கொள்முதல் நிலையத்து எழுத்தர் கையை விரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. சாக்கு வரவில்லை. லாரி வரவில்லை. எப்போது வரும் என்று மேலே கேட்க வேண்டும். வருடா வருடம் விவசாயிகள் எல்லோரும் சபித்த அந்தத் தாமதத்தை அன்றைக்குத்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு துறை நெல்லை எடுக்காமல் இன்னொரு துறை சுவரைத் தொட முடியாது. நெல்மேல் கட்டடத்தைத் தள்ளினால் மறுநாள் என்ன ஆகும் என்பது பொக்லைன் ஓட்டுநருக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பொறியாளர் திரும்பி வந்து என்னைத் தேடினார். "நேர்ல வந்து பார்க்கறேன்னு சொன்னேன்ல. வாங்க, மாடிக்குப் போவோம்."

கல் படியேறி மேல்தளத்துக்கு வந்தோம். அவர் கடைசிப் படியில் நின்றுகொண்டார்.

"எந்த நிமிசமும் விழும்னு எழுதினவரு நீங்க. முதல்ல நீங்க நடங்க."

என் எடையை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் எனக்குத் தனியாக இரண்டு இரண்டாக அடுக்கிப் போடப்படும் என்பது மட்டும் போதும். நடுவே போனேன். கீழே ஐம்பது பேரும் மூன்று ஊர் நெல்லும். சுண்ணாம்புத் தளம் வெயிலில் சூடேற ஆரம்பித்திருந்தது. நான் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன, எல்லாமே இப்போது உண்மையாகத் தோன்றின. பிறகு கோபம் வந்தது. என் மீதுதான். மூன்று பக்கத்தில் இதைச் சாகடித்தவன் ஒரு குதி குதித்தாவது உயிர் கொடுக்கக் கூடாதா? குதித்தேன். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை நன்றாகவே. ஒரு சிட்டிகை சுண்ணாம்பு உதிரவில்லை. மாடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த காக்கை மட்டும் இடம் மாறியது.

"போதும் சார்" என்றார் பொறியாளர். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு அவரும் நடந்தார். மூலை மூலையாகத் தட்டிப் பார்த்தார், கீழே இறங்கி ஒவ்வொரு தூணையும் பார்த்தார். மேற்கு மூலைச் சுவரில் அரச மரம் ஒன்று வேர்விட்டிருந்தது. அதை வெட்டி, அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஜீப் முன்பக்கத்தில் தாளை வைத்து, மறு ஆய்வு முடியும்வரை நடவடிக்கை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதினார். என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதுக்கு ஒரு ஃபைல் போடணும் சார். எனக்கு வேலை இருக்கு" என்றார்.

பொக்லைன் திரும்பிப் போனது. யாரும் கை தட்டவில்லை. வெயில் ஏறுவதற்குள் நெல்லைக் கிளறிவிட வேண்டும் என்று எல்லோரும் முற்றத்தில் இறங்கிவிட்டார்கள். மேடம் அரச மரத்தைப் பார்க்கப் போனார். நான் வாசல் குவியல் ஓரமாக உட்கார்ந்து, அந்த உத்தரவின் நகலை மூன்று முறை படித்தேன். படிக்கப் படிக்க ஒரு வார்த்தை உறுத்தியது.

அந்த அம்மா நெல்லுக்குள் காலை விட்டு வரிவரியாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தற்காலிகமான்னுதான் எழுதியிருக்காரு. இன்னிக்கு நெல்லு இருக்கு, சரி. ஒரு வாரத்துல சாக்கு வந்துடும், எல்லாத்தையும் ஏத்திடுவாங்க, கட்டடம் காலியாயிடும். அப்பறம் மறு ஆய்வு முடிஞ்சு திரும்பி வந்தாங்கன்னா என்ன செய்யறது?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"அதுக்குள்ள உளுந்து வந்துடும்."